தவளைக்குத் தொப்புள்

அந்தத் தவளைப் பொம்மையைக் கொஞ்சம் திருப்புங்கம்மா, வயித்துப் பக்கம் பாக்கணும். புள்ள தூங்கட்டும், எழுப்பிடாதீங்க, மெதுவா. ஆங், போதும். தெரியுதா தொப்புள்? வட்டம் இடப்பக்கம் லேசா திறந்திருக்கு பாருங்க. அது என் கை. நான் வெச்ச தொப்புள்.

சிரிங்க, பரவாயில்ல. எங்க வீட்டுக்காரரும் மொதல்ல சிரிச்சாரு. இப்ப சிரிக்கிறதில்ல. நான் தவளைன்னு வாயைத் திறந்தாலே மோட்டார் போடணும்னு எழுந்து போயிடுறாரு, தொட்டி நிறைஞ்சு வழிஞ்சாலும் சரி.

கும்மாளபுரி பார்க்குக்கு நேத்துதான் போனீங்களா? ஆம்பூர்ல இருந்து அவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப இந்த பஸ்ல திரும்புறீங்களா? நல்லது. நான் வாரம் தவறாம போனவம்மா. என் பேரு அமுதவல்லி. வீடு சுங்குவார்சத்திரத்துல, பார்க்குக்கு நாலாவது ஸ்டாப். பார்க் திறந்த வருஷத்துல இருந்தே நான் வருஷ பாஸ். பாஸ்ல இருக்கிற போட்டோவுல எனக்கு ஒரு நரை கிடையாது, பாத்துக்குங்க.

எனக்கு மட்டும் இல்ல இந்தப் பைத்தியம். பதினாறு பேர் இருந்தோம். 'கும்மாளக் குடும்பம்'னு வாட்ஸப் குரூப்பு. எடிசன் சார்னு ஒருத்தர், சர்வேயரா இருந்து ரிடையர் ஆனவர், அவர்தான் அட்மின். ராட்சத ராட்டினத்துல எத்தனை பல்பு எரியலன்னு வாராவாரம் எண்ணி நோட்டுல எழுதி ஆபீஸ்ல கொடுப்பாரு. அவங்க ஒரு பல்பும் மாத்தமாட்டாங்க. அவரும் விடமாட்டாரு. அந்தப் பார்க்கோட தவளை இருக்கே, டபுக்கு, குடை பிடிச்சுக்கிட்டு நிக்குமே, அதுக்குப் பொறந்தநாள் கொண்டாடுவோம். கேக் வெட்டுவோம். டபுக்குக்குப் பொறந்தநாள் இருக்குன்னு பார்க்காரங்களுக்கே தெரியாது. நாங்களா ஒரு தேதி வெச்சோம்.

அதுல பாதிப் பேரு எதையாவது செஞ்சு விப்போம். பார்க்கிங் பக்கத்துல புங்கமரத்தடியில ஞாயித்துக்கிழமை துணி விரிச்சு உக்காந்துருவோம். நான் படம், பேட்ஜ், ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற மேக்னெட். ஷம்ஷாத்னு ஒரு பொண்ணு, என்னைவிட எட்டு வயசு சின்னவ, தையல்காரி, அவ துணிப்பை. எல்லாத்துலயும் டபுக்குதான். பார்க்குல கேட்டீங்களான்னு கேப்பீங்க. எதுக்கும்மா கேக்கணும்? சாமி படம் வரையறவன் சாமிகிட்ட கேட்டுட்டா வரையறான்? அன்பு இருக்கு, வரையறோம். அதுக்குப் பேரு இன்ஸ்பிரேஷன். காப்பி அடிக்கிறது வேற.

அந்த வித்தியாசம் தெரியாமத்தான் இவ்வளவும் ஆச்சு.

நான் யாரையும் குத்தம் சொல்ற ஆளு இல்ல. ஷம்ஷாத் நல்ல பொண்ணுதான். பொம்மை ரயில்ல கடைசிப் பெட்டி எங்க ரெண்டு பேருக்குன்னே எழுதி வெச்ச மாதிரி. அது குகைக்குள்ள திரும்பறப்ப அவ என் கையைப் பிடிச்சுக்குவா. இருட்டுன்னா பயம். ஆறு வருஷமா அதே குகைதான், அதே ரெண்டு பிளாஸ்டிக் எலும்புக்கூடுதான், அப்பவும் பயப்படுவா. எனக்கு வேர்க்கடலை பிடிக்கும்னு வீட்லயே வறுத்து எடுத்துட்டு வருவா. என் கூடப்பொறந்தவங்க ரெண்டு பேரு இருக்காங்க, ஒருத்திக்குக்கூட எனக்கு வேர்க்கடலை பிடிக்கும்னு தெரியாது.

இப்ப தொப்புள் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். பார்க்குல இருந்த பழைய டபுக்குக்கு வயிறு வழவழன்னு இருக்கும், ஒண்ணும் கிடையாது. நானும் அப்படியேதான் வரைஞ்சுக்கிட்டு இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை உள்ள ஃபுட் கோர்ட்டுல உக்காந்து ஒரு படத்தை முடிச்சுட்டு ஈரம் காய வெச்சிருந்தேன். ஷம்ஷாத் பக்கத்துல உக்காந்து யாரோ ஒரு அம்மா கேட்ட பைக்கு போன் நம்பர் எழுதிக்கிட்டிருந்தா. அந்த அம்மா வேகமா சொல்லச் சொல்ல, இவ காகிதத்தைத் தள்ளி வெக்கறேன்னு பேனாவை என் படத்து மேல வெச்சுட்டா. சரியா நடு வயித்துல கருப்பா ஒரு புள்ளி.

எனக்கு உசிரே போயிருச்சு. மூணு நாள் வேலை. கிழிக்கப் போனேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயோ அக்கா, கிழிக்காதீங்க, தொப்புள்னு சொல்லிடுங்க"ன்னா. சொல்லிட்டுக் கண்ணுல தண்ணி வர்ற அளவு சிரிக்கிறா. நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் பிரஷ்ஷை எடுத்து அந்தப் புள்ளியைச் சுத்தி ஒரு வட்டம் போட்டேன். தவளைக்கு உசிரு வந்துருச்சும்மா! அதுவரைக்கும் பொம்மையா நின்னது, நம்ம எதிர்வீட்டு மனுஷன் சட்டையில்லாம வாசல்ல நிக்கிற மாதிரி ஆயிருச்சு. குரூப்ல போட்டேன். எடிசன் சாரே பல்பை விட்டுட்டு வந்து 'பிரமாதம்'னு எழுதினாரு. அன்னைக்கு வெச்சிருந்த மேக்னெட்டுக்கு எல்லாம் தொப்புள் வெச்சேன், எல்லாம் போயிருச்சு.

இப்ப நீங்களே சொல்லுங்க. புள்ளி யாரு வேணா வெப்பாங்க. பேனா தவறினா புள்ளி. வட்டம் போட்டது யாரு? தொப்புள்ங்கிறது புள்ளியா, வட்டமா?

சரி விடுங்க. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மரத்தடிக்குப் போறேன், அவ துணியைச் சுத்தி ஒரே கூட்டம். என்னன்னு எட்டிப் பாத்தா, பையில டபுக்கு, வயித்துல சின்னதா ஒரு பட்டன். சட்டை பட்டன்! புள்ளைங்க எல்லாம் அதை அமுக்கி அமுக்கிப் பாக்குதுங்க. அமுக்கினா ஒண்ணும் ஆகாது, வெறும் பட்டன்தான், ஆனா விடமாட்டேங்குதுங்க. என் மேக்னெட்டை ஒரு ஆளு சீண்டல.

எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. மறைக்கல, சொல்றேன். "என்ன ஷம்ஷாத் இது, என் தொப்புளை எடுத்துப் பட்டன் போட்டிருக்க"ன்னு கேட்டேன். அவ ஏதோ நல்ல சேதி சொல்ற மாதிரி நிமிந்து, "நம்ம தவளைதானக்கா, உங்களுக்குன்னு ஒரு பை தனியா எடுத்து வெச்சிருக்கேன்"ங்கிறா. நம்ம தவளையாம். நம்மன்னு சொல்லிட்டா திருட்டு இல்லன்னு ஆயிருமா? அந்தப் பையை வாங்காமயே வந்துட்டேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் லெட்டர் எழுதினேன். யாருக்கா? பார்க் மேனேஜருக்குத்தான். வேற யாருகிட்ட நியாயம் கேக்கறது? டபுக்கு அவங்களோடது, அப்ப டபுக்கு விஷயத்துல பஞ்சாயத்து அவங்கதான பண்ணணும்? நாலு பக்கம் எழுதினேன். 'பொருள்: தவளைத் தொப்புள் திருட்டு குறித்த புகார்.' தொப்புள் எந்த இடத்துல இருக்கணும், வட்டம் எந்தப் பக்கம் லேசா திறந்திருக்கணும், எல்லாத்துக்கும் படம் போட்டு அம்புக்குறி போட்டு அனுப்பினேன். ரிஜிஸ்டர் தபால். தப்பா ஒரு வார்த்தை எழுதல. என் படைப்பைத் திருடி விக்கிறவளை நிறுத்துங்கன்னு மட்டும்தான் எழுதினேன்.

பத்து நாள்ல கூப்பிட்டாங்க, ரெண்டு பேரையும். மேனேஜர் பேரு கிருபாகரன், புதுசா வந்தவரு. ஏசி ரூம்ல உக்கார வெச்சு டீ கொடுத்தாரு. ஷம்ஷாத்துக்கு எதுக்கு வந்திருக்கோம்னே தெரியல பாவம், என்னைப் பாத்து சிரிக்கிறா. அவரு லெட்டரை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சதும் சிரிப்பு நின்னுபோச்சு.

படிச்சு முடிச்சுட்டு அந்த ஆளு, "அப்ப ரெண்டு பேருமே எங்க தவளையைப் போட்டு வெளிய விக்கிறீங்களா?"ன்னாரு. நான் சொன்னேன், "சார், அது வேற விஷயம், நாம தொப்புளைப் பத்திப் பேசுவோம்." அவரு, "தவளை முட்டையில இருந்து வர்றதும்மா, அதுக்கு ஏது தொப்புள்?"னாரு. நான் விடல. "அப்ப அது குடை மட்டும் எப்படி சார் பிடிக்குது?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் குரலே மாறிப் போச்சு, ரொம்ப மரியாதையா, "நல்லாத்தான் இருக்கு. இந்த ஐடியா யாரோடது?"ன்னு கேட்டாரு.

என்னோடதுன்னேன்.

அவரு ஷம்ஷாத்தைப் பாத்தாரு. அவ தலையைக் குனிஞ்சு கீழ டைல்ஸைப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், "ஆமா சார், அக்காவோடதுதான்"னா. பாத்தீங்களா? மனசாட்சி உறுத்தியிருக்கு, ஒத்துக்கிட்டா. நான் ஒரு வார்த்தை சொல்லித் தரல. அவளா சொன்னா.

அவரு உடனே ஒரு பேப்பரை அடிச்சு எடுத்துட்டு வரச்சொன்னாரு. இங்கிலீஷ்ல மூணு பக்கம். தொப்புள் என்னோடது, அதைப் பார்க்குக்கு அன்பளிப்பா தர்றேன்னு எழுதியிருக்குன்னு சொன்னாரு. எனக்குச் சந்தோஷத்துல மத்தது எதுவும் படிக்கத் தோணல. என் பேரு சரியா இருக்கான்னு மட்டும் பாத்தேன். அமுதவல்லிக்கு நடுவுல ஒரு 'எச்' விட்டிருந்தாங்க, அதைத் திருத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கை குலுக்கி போட்டோ எடுத்தாங்க. ஷம்ஷாத் டீயைக் குடிக்காமயே எழுந்து போயிட்டா.

ரெண்டு மாசத்துல வாசல்ல புது டபுக்கு சிலை. நேத்து பாத்திருப்பீங்க, பத்தடி உயரம். அந்தத் தொப்புளுக்குள்ள ஒரு தேங்காயையே வைக்கலாம். திறப்பு விழா அன்னைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போனேன். கயித்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திட்டாங்க. பக்கத்துல நின்ன ஒரு அம்மாகிட்ட, "அது என் தொப்புள்"னு சொன்னேன். அவங்க புள்ளையை இழுத்து அந்தப் பக்கம் விட்டுக்கிட்டாங்க.

அதுக்கு அடுத்த வாரம்தான் லெட்டர் வந்துச்சு. குரூப்ல விக்கிற எல்லாருக்கும். இனிமே டபுக்குவை எந்த ரூபத்துலயும் செய்யக்கூடாது, விக்கக்கூடாது, குறிப்பா தொப்புளோட இருக்கிற டபுக்கு நிர்வாகத்துக்குச் சொந்தம், மீறினா கோர்ட்டுக்குப் போவோம்னு. கூடவே எது தொப்புள்னு காட்ட ஒரு படம் இணைச்சிருந்தாங்க. அம்புக்குறி எல்லாம் போட்டு. என் படம்தான். என் கையெழுத்துலயே 'வட்டம் இடப்பக்கம் திறந்திருக்க வேண்டும்'னு.

எனக்கும் வந்துச்சும்மா அந்த லெட்டர். என் தொப்புளை நான் வரையக்கூடாதாம்.

குரூப்ல ஒருத்தர் பாக்கியில்லாம திட்டினாங்க. நானா லெட்டர் அனுப்பினேன்? அனுப்பினது அவங்க. நான் நியாயம்தான கேட்டேன்? எடிசன் சார் திட்டல. குரூப்ல இருந்து என்னை எடுத்துட்டாரு, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை மரத்தடிக்குப் போனேன், யாரும் இல்ல. இளநிக்காரர் மட்டும், "என்னம்மா, உங்க ஆளுங்களைக் காணோம்?"னு கேட்டாரு. எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு வீட்ல அடுப்பு பத்த வெக்கல.

தண்ணி இருக்கா? ஒரு வாய் கொடுங்க.

அப்புறம் யோசிச்சேன், தொப்புள் இல்லாம வரைஞ்சா பெருசா யாரும் கேக்கமாட்டாங்கன்னு. பழைய மாதிரி வழவழ வயிறு. மாடி வீட்டுப் பாப்பாவுக்குப் பொறந்தநாளுன்னு ஒண்ணு வரைஞ்சு ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். அது வாங்கி ஒரு நிமிஷம் பாத்துட்டு, "ஆண்ட்டி, இது டூப்ளிகேட். ஒரிஜினலுக்குத் தொப்புள் இருக்கும்"ன்னுச்சு. ஆறு வயசும்மா அதுக்கு.

எங்க வீட்டுக்காரர்தான் ஒருநாள் வந்து, பார்க்குக் கடையில பொம்மை வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னாரு. பொம்மை எங்கயோ ஃபேக்டரியில இருந்து மூட்டை மூட்டையா வரும். மெஷின்ல அச்சடிச்ச தொப்புள் ஒரு தடவை துவைச்சா போயிருதாம். அதனால கையால வெக்கணும். போனேன். அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆளு இந்தப் பூமியில இருக்கா? எடுத்துக்கிட்டாங்க. முதல் நாள் உள்ள போறேன், மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஷம்ஷாத் உக்காந்திருக்கா. டபுக்கு கையில குடையை வெச்சுத் தைக்கிற வேலை. அவ பை வியாபாரமும்தான் நின்னுபோச்சே.

அவ குடை தைச்சுத் தள்ளுவா, நான் எடுத்துத் தொப்புள் வெப்பேன். எட்டு மாசம். ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. தப்பு பண்ணினவதான முதல்ல பேசணும்? ஆனா ஒண்ணு சொல்லணும், மதியம் வெக்கை ஏறினா அவ எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பி வெச்சுட்டு உக்காருவா. குத்த உணர்ச்சி இல்லாமயா அப்படிச் செய்வாங்க?

போன வியாழக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். அவ வீட்டுக்காரருக்கு வாணியம்பாடியில தோல் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு, குடும்பத்தோட போறாங்க. சூப்பர்வைசர் சொல்லித்தான் எனக்கே தெரியும். சாயந்திரம் நாலு மணிக்கு அவ மேஜையைத் துடைச்சுட்டு என் பக்கத்துல வந்து நின்னா. "அக்கா, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரயில்ல போயிட்டு வரலாமா?"ன்னா.

எட்டு மாசம் கழிச்சு! ஆனா நான் விட்டுக் கொடுக்கல. "முதல்ல மன்னிப்புக் கேளு, அப்புறம் பாக்கலாம்"னேன்.

அவ யோசிக்கவே இல்லம்மா. "மன்னிச்சிடுங்கக்கா"ன்னுட்டா. யாராவது வழியில நின்னா கொஞ்சம் தள்ளிக்குங்கன்னு சொல்ற மாதிரி அவ்வளவு சுலபமா. சொல்லிட்டு, "வாங்க, நாலரைக்குக் கடைசி ட்ரிப்பு"ன்னு கையை நீட்டறா.

நான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தது அதுதான். எட்டு மாசமா தூக்கத்துல கூட அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். கிடைச்சிருச்சு. கிடைச்சதும் நான் அடுத்த பொம்மையைக் கையில எடுத்துக்கிட்டேன். "எனக்கு வேலை இருக்கு"ன்னேன். அப்புறம் பையை நாற்காலியிலயே வெச்சுட்டு அவ மட்டும் போனா.

ஜன்னல் வழியா ரயில் தெரியும். கடைசிப் பெட்டியில அவ உக்காந்திருக்கா. தனியாதான போறா, நடுவுல நல்லா உக்காரலாமில்ல? ஒரு ஓரமா உக்காந்திருக்கா, பக்கத்துல இடம் விட்டுட்டு. குகை வந்துச்சு. உள்ள போயிருச்சு. அந்தக் குகை எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியும், பதினொண்ணு எண்ணுறதுக்குள்ள வெளிய வந்துரும். நான் எண்ணினேன். நாலு எண்ணுறதுக்குள்ள எனக்கு அழுகை வந்துருச்சு. பிரஷ்ஷைக் கையில வெச்சுக்கிட்டு ஓன்னு அழறேன், சூப்பர்வைசர் பெயிண்ட் கண்ணுல பட்டுருச்சான்னு ஓடி வராரு.

அவ வந்தா, பையை எடுத்தா, வரேன்க்கான்னு சொன்னா, போயிட்டா.

ஜெயிச்சது நான்தானம்மா? அவ வாயால ஒத்துக்கிட்டா, மன்னிப்பும் கேட்டுட்டா. அப்புறம் ஏன் இந்த நாலு நாளா எனக்குச் சோறு இறங்கல?

இல்ல, அதுக்காக ஒண்ணும் நான் வாணியம்பாடி போகல. தப்பா நினைச்சுக்காதீங்க. இதோ பாருங்க, கத்தரிக்கோல். அவளோடது. பிடியில சிவப்புத் துணி சுத்தியிருக்கா, விரல் காய்க்கும்னு அவ சுத்தினது. தையல்காரிக்குக் கத்தரிக்கோல்னா உசிரு, யாரையும் தொட விடமாட்டா. இது இல்லாம அங்க போய் என்ன பண்ணுவா பாவம்? அதான் லீவு போட்டுட்டு நேர்ல கொடுத்துட்டு வந்துரலாம்னு கிளம்பினேன். எடிசன் சாருக்குப் போன் பண்ணி அட்ரஸ் கேட்டேன். மனுஷன் அனுப்பி வெச்சாரு.

கூரியரா? கூரியர்ல அனுப்பியிருக்கலாம்தான்.

இருங்க, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, இன்னும் கொஞ்ச நேரத்துல ஆம்பூர் வந்துரும், நீங்க இறங்கிடுவீங்க. அவ இதை மறந்து வெச்சுட்டுப் போகல. அவ ரயிலுக்குப் போயிருந்தப்ப நான்தான் அவ பையைத் திறந்து எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன். திருட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவ வீட்டுக் கதவைத் தட்டறதுக்கு எனக்கு ஏதாவது ஒண்ணு கையில வேணுமில்லம்மா?